மூன்றாம் மாதத்துக்கு முன் சொல்லாதவை

நான் கர்ப்பமாக இருந்தபோது எனக்குச் சொல்லப்பட்டவற்றை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். உண்மை, பொய், பொய்யானாலும் பாதகமில்லாதது. எங்கும் எழுதவில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி மனதுக்குள் பிரிப்பதுதான். நகரில் ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தில் இரத்தமும் சிறுநீரும் சோதிப்பது என் வேலை. காலையில் வரும் மாதிரிகளை வகை பிரித்து அடுக்கிய பிறகுதான் எதையும் தொடங்குவோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

முதல் வகையில் அதிகம் இல்லை. ஃபோலிக் அமில மாத்திரையை விடாமல் போட வேண்டும். பச்சைப் பப்பாளிக் காயைத் தவிர்ப்பது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கக்கூடாது, தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பெண்கள் பலர் அந்த மாத்திரையை விழுங்குவதே பிளேன்டீயில்தான். கிளினிக்கில் ஒவ்வொரு மாதமும் மாத்திரை வாங்குவார்கள், ஒவ்வொரு மாதமும் இரத்தம் குறைவாகவே இருக்கும்.

இரண்டாம் வகை நீளமானது. குங்குமப்பூ குடித்தால் பிள்ளை வெள்ளையாகப் பிறக்கும். இரும்பு மாத்திரை போட்டால் கறுப்பாகப் பிறக்கும். கையை உயரத் தூக்கினால் கொடி கழுத்தைச் சுற்றும். அன்னாசி ஒரு துண்டு தின்றாலும் கலைந்துவிடும். வயிறு கூராக இருந்தால் ஆண். கிரகணத்தன்று வெளியே போனால் பிள்ளைக்கு உதடு பிளக்கும்.

மூன்றாம் வகையில் இருந்தவற்றை நான் எதிர்க்கவில்லை. தலைமாட்டில் வேப்பிலை வைப்பது, செத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பது, மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதில் எனக்கு வசதியும் இருந்தது. வேலையிடத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நாங்கள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அப்பால் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கணவர் தெல்தெனியவில் ஆசிரியர், என்னை விட முன்னரே பஸ் ஏறிவிடுவார். கீழே வீட்டுக்காரர், வயதான முஸ்லிம் அம்மா. எல்லாரும் அவரை உம்மா என்றுதான் கூப்பிடுவோம். நான் வாந்தி எடுக்கும் சத்தத்தைக் கேட்டே அவர் கண்டுபிடித்துவிட்டார். மலச்சிக்கலுக்கு நல்லது என்று ஒரு தட்டில் பழுத்த பப்பாளி வெட்டி அனுப்பினார். கண்டிப் பெரஹர ஊர்வலம் பார்க்க மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து என் அம்மா வந்து இறங்கிய நாளும் அதுதான்.

"இதென்னா பாப்பா, மேசையில பப்பாளி?"

"கீழ் வீட்டு உம்மா குடுத்தாங்க. பழுத்தது ஒண்ணும் செய்யாது அம்மா."

அம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். மேலிருந்தே எனக்கு எல்லாம் கேட்டது.

"ஏங்க, முழுகாம இருக்குற புள்ளைக்கு இதக் குடுக்கலாமா?"

"பழுத்தது தானே தங்கச்சி. இந்த மரத்துப் பழம் திண்டுதான் நான் ஏழு புள்ள பெத்த."

"அப்ப ஏழும் பப்பாளிக்குத் தப்பிப் பொழச்சதுங்கன்னு சொல்லுங்க!"

இருவரும் சிரித்தார்கள். அம்மா திரும்பி வரும்போது தட்டில் பாதி பழம் இல்லை. "வீணாப் போகக்கூடாதுன்னு நான் தின்னுட்டேன்" என்றார்.

மறுநாள் காலை அம்மா என்னை நகருக்குக் கூட்டிப் போனார். பெரஹர நாட்களில் யானைகளைப் பகலில் மர நிழலில் கட்டி வைத்திருப்பார்கள். கர்ப்பிணிகள் யானையின் வயிற்றுக்குக் கீழே குனிந்து ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தால் பிரசவம் இலேசாக இருக்கும் என்பது கண்டிப் பக்கத்து நம்பிக்கை. சிங்களப் பெண்கள் செய்வதைப் பார்த்து எங்கள் தோட்டத்துப் பெண்களும் செய்யத் தொடங்கி எவ்வளவோ காலமாகிறது.

"ஒன்னய சொமக்கயில நான் போனேன். காலயில பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போற மாதிரி நேரத்துக்கு வந்து நின்ன நீ. ஒரு நோவு இல்ல."

நான் அந்த யானையைப் பார்த்தேன். சங்கிலி, சாணம், ஈக்கள், ஓயாமல் அசையும் கால்கள். பிரித்துப் பார்க்க நேரம் தேவைப்படவில்லை. இது பாதகமில்லாத வகையில் சேராது.

"நான் போகல அம்மா. உள்ள குனியிறப்ப அது ஒரு கால எடுத்து வச்சா?"

யானைப்பாகன் சிங்களவர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். "நோனா, பயம் வேணாம். நல்ல ஆனை. ஆயிரம் நோனா உள்ள போயாச்சு."

"பாரு, ஆயிரம் பேரு போயிருக்காங்க" என்றார் அம்மா.

"எத்தன பேரு வெளிய வந்தாங்கன்னு கேளுங்க."

பாகன் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பஸ் ஏறும்வரை என்னோடு பேசவுமில்லை. ஏறிய பிறகு, "எல்லாத்தயும் கேலியா எடுக்காத" என்று மட்டும் சொன்னார்.

பெரஹர முடிந்து அம்மா தோட்டத்துக்குத் திரும்பினார். அடுத்த பூசையன்று அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் பயமும் இருந்தது, சந்தோசமும் இருந்தது. மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைக்குத் தட்டைக் கொடுத்திருக்கிறார். யார் பேருக்கு என்று பூசாரி கேட்டிருக்கிறார். "பொறக்கப்போற பேரப்புள்ளைக்கு" என்று இவர் சொல்லிவிட்டார். பின்னால் எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க நின்றிருக்கிறது.

"வாய் தவறிருச்சு பாப்பா. மூணு மாசம் ஆகலயே."

"பரவாயில்ல அம்மா" என்றேன். உண்மையிலேயே எனக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை.

பத்தாவது வாரம் முடியும்போது ஸ்கேன் எடுக்கப் போனேன். டாக்டர் வழக்கமாகப் பேசிக்கொண்டே பார்ப்பவர். அன்று பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பினார். அப்போதே தெரிந்துவிட்டது. இதயத் துடிப்பு இல்லை என்றார். அளவு ஏழு வாரத்துக்கு உரியதாகத்தான் இருக்கிறது, அதன் பிறகு வளரவில்லை என்றார்.

"அந்த அளவில் எவ்வளவு முன்பின் இருக்கலாம்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சில நாட்கள். அதிகம் போனால் ஒரு வாரம்."

வயிற்றில் பூசியிருந்த ஜெல்லைத் துடைக்க ஒரு கடதாசி தந்தார்கள். போதவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கித் துடைத்தேன். செருப்பைப் போட்டேன். கணவருக்குப் போன் செய்தேன். அவர் எதிர்முனையில் அழுதார். அவர் முடிக்கும்வரை நான் படிக்கட்டில் காத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கர்ப்பப்பையைக் கழுவினார்கள். வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் படுத்திருந்தார். அவருக்கு வந்த சூப்பில் பாதியை எனக்குத் தந்தார். குடித்தேன். உப்புக் குறைவு. வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் செய்தேன். உடுப்புகளைத் துவைத்தேன், மிச்ச மாத்திரைகளைத் தனியே எடுத்து வைத்தேன், கிளினிக்குக்கு அறிவித்தேன். வேலைக்குத் திரும்பினேன். என் இரத்தத்தில் கர்ப்ப ஹோர்மோன் இறங்குகிறதா என்று கூட வேலை செய்யும் பெண் சோதித்தார். இறங்கியிருந்தது. இப்படி இறங்கும் முடிவுகளை நான் பல பெண்களுக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். உறையை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள். யாரும் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இந்த விசயத்தில் உண்மை எதுவென்று எனக்குத் தெரியும். தொடக்க வாரங்களில் நின்றுபோகும் கர்ப்பங்களில் பெரும்பாலானவை கரு உண்டாகும்போதே மரபணுக்கள் சேர்வதில் நேரும் பிழையால் நிற்பவை. தாய் தின்றதாலோ, நடந்ததாலோ, பஸ்ஸில் குலுங்கியதாலோ அல்ல. மற்றவர்களுக்கு இதை நான் தடுமாறாமல் சொல்வேன். எனக்கு நானே சொன்னபோதும் தடுமாறவில்லை. சொல்லி முடித்த பிறகு ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அம்மா வந்தார். படியேறி வந்தவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

"நான் வரல பாப்பா. பாத்துட்டேன்ல. போதும்."

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். சில வாரங்கள் கழித்து அப்பா போன் எடுத்தார்.

"ஒங்கம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறதில்ல. ஒரு நேரந்தான் சாப்பிடுறா, அதுவும் வெறுங்கஞ்சி. நான் வாயத் தொறந்ததாலதான் கண்ணு பட்டு எல்லாம் போச்சுன்னு சொல்றா. ஒன் வூட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டாளாம். நான் சொன்னா கேக்குறாளா? நீ படிச்சவ. நீ வந்து சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வத்தேகம தாண்டி பஸ் மலைப்பாதையில் ஏறத் தொடங்கும்போது, சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திவிட்டேன். மரபணு என்று தொடங்கினால் அம்மா கேட்க மாட்டார். அவருடைய நம்பிக்கைக்குள்ளேயே நின்று பேச வேண்டும். கண்ணு பட்டது என்றே வைத்துக்கொள்வோம். கண்ணு படுவதற்கு முதலில் ஊருக்குத் தெரிய வேண்டும். ஊருக்குத் தெரிந்தது பெரஹர முடிந்த பிறகு. வளர்ச்சி நின்றது ஏழாவது வாரத்தில், அதாவது பெரஹர நடந்த வாரத்தில். ஆகவே அம்மா வாயைத் திறக்கும் முன்னரே அது நின்றுவிட்டது. இதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா அடுப்படியில் இருந்தார். மெலிந்திருந்தார். நான் வருவேன் என்று அப்பா சொல்லியிருப்பார் போல, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கருவாடும் ஆக்கி வைத்திருந்தார். அப்பா கடைக்குப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டார். நான் ஸ்கேன் அறிக்கையை எடுத்து, அளவு எழுதியிருந்த இடத்தைக் காட்டி, வரிசைப்படுத்தி வைத்திருந்ததைச் சொன்னேன்.

அம்மா கவனமாகக் கேட்டார். "அப்ப நான் கோயில்ல சொல்றதுக்கு முன்னயே?"

"முன்னயே அம்மா."

"பெரஹர வாரத்துலயா?"

"ஆமா."

அம்மாவின் முகத்தில் ஏதோ இலேசாவது போல இருந்தது. அடுத்த நொடி அது நின்றது. "அந்த வாரம் தானே நீ யானைக்குக் கீழ..." என்று தொடங்கி என்னைப் பார்த்தார். பாதியிலேயே விட்டுவிட்டார்.

நான் இதை யோசித்திருக்கவில்லை. அம்மாவின் கணக்கில் அந்த வாரத்துக்கு ஒரு காரணம் ஏற்கெனவே இருந்தது, அது நான்.

அம்மா அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினார். அணையாத அடுப்பை ஊதினார். பிறகு கேட்டார்: "அந்த மிசினு சொல்றது அப்பிடியே சரியா இருக்குமா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அளவு என்று வந்துவிட்டால் எனக்கு ஒரே பதில்தான் வரும். "ஒரு வாரம் முன்னப்பின்ன இருக்கலாம்."

"இருக்குமில்ல?" அம்மா தலையை வேகமாக ஆட்டினார். "அப்ப பின்னாடிதான். நான் சொன்னதுக்கு அப்பறந்தான். எம்மேலதான் தப்பு. நீ ஒண்ணும் செய்யல. யானயும் ஒண்ணும் இல்ல. நாந்தான்."

"யார் மேலயும் இல்ல அம்மா."

"சரி சரி. நீ சாப்பிடு."

எனக்கு மட்டும் தட்டு வைத்தார். "நீங்க?" என்றேன். "எனக்கு வேணாம்" என்றார். நான் ஸ்கேன் அறிக்கையை மடித்துப் பையில் வைத்தேன்.

அப்போது பக்கத்துக் காம்பராச் சித்தி உள்ளே வந்தார். சொந்தம் இல்லை. நான் பிறந்ததிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர், அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர். கையில் சீனிக்கு ஒரு கிண்ணம்.

"அடியாத்தி, பாப்பா! எப்ப வந்த? ஏக்கா, மக வந்ததக்கூடச் சொல்லல. மலையிலயும் ஒங்களக் காணோம். பேரப்புள்ளைக்குத் தொட்டிலு கட்ட ஒங்கக்கா இப்பவே போயிருச்சான்னு கங்காணி கேக்குறாரு." என் வயிற்றைப் பார்த்தார். "மூணு முடிஞ்சிருக்குமில்ல? ஒண்ணுமே தெரியல. டவுனு சாப்பாடு!"

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவேயில்லை. அவர் ஏன் மலைக்குப் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. உண்டானதைச் சொல்லிவிட்டார். போனதை யாருக்கும் சொல்லவில்லை. நிரையில் நின்றால் ஒவ்வொருத்தியும் கேட்பாள்.

"சித்தி, அது கலஞ்சுருச்சு" என்றேன்.

சித்தி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்ப?"

"போன மாசம்."

"கழுவுனாங்களா?"

"ஆமா."

"வலிச்சுச்சா?"

அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. "தெரியல சித்தி. மயக்கத்துல இருந்தேன்."

"எனக்கு வலிச்சுச்சு" என்றார் சித்தி. "எனக்கு ரெண்டு. பெரியவனுக்கு முன்ன ஒண்ணு, சின்னவளுக்கு முன்ன ஒண்ணு. ரெண்டாவது மலையிலயே போச்சு. கூடைய எறக்கி வச்சுட்டு தண்ணிக் கானுக்குள்ள போயி ஒக்காந்துக்கிட்டேன். பாதிக் கூட கொழுந்து இருந்துச்சு, நெறுவைக்கு நேரமாயிருச்சேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

அம்மா திரும்பினார். "என்னா சொல்ற நீ?"

"நெசந்தாங்கா."

"எங்கிட்ட சொல்லவே இல்லயே."

"மூணு மாசத்துக்கு முன்ன யாருக்கிட்ட சொல்றது? உண்டானதயே சொல்லல. போனத என்னான்னு சொல்றது?"

"ஒருத்தருக்கும் சொல்லலயா?"

"எங்க வூட்டு ஆளுக்கே மொதலாவதச் சொல்லல."

"கோயில்ல?"

"கோயில்லயும் சொல்லல."

அம்மா கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றார். "சொல்லாமயே போச்சா?"

"சொல்லாமயேதாங்கா போச்சு. ரெண்டு தரமும்."

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"அடிப் பாவி, அன்னக்கி நான் ஒம் பக்கத்து நெரையில தானே நின்னேன்? வயித்து வலின்னு சொன்ன. வெறும் வயித்துல தேத்தண்ணி குடிச்சிருப்பன்னு நானும் நம்புனேன். ஒங்கூடைய நான் தூக்கியிருக்க மாட்டனா? சீனி இல்லன்னா ஓடியாந்து சொல்ற வாயி, இதுக்கு எங்கடி போச்சு?"

"நீங்க மட்டும் இத்தன நாளா இதச் சொன்னீங்களாக்கும்? நான் தெனமும் சொவத்துக்கு அந்தப் பக்கந்தானே இருக்கேன்?"

"நான் சொன்னதாலதான் போச்சுன்னு இருந்தேன்டி!"

"சொல்லாதவளுக்கும் போகுது. போங்கக்கா."

அம்மா இரண்டு தட்டுகளை எடுத்தார். திட்டிக்கொண்டே இரண்டிலும் சோறு போட்டார், குழம்பை ஊற்றினார். "தின்னு. ஊமக் கோட்டான். ஒக்காந்து தின்னு" என்று ஒன்றைச் சித்தியின் முன்னால் தள்ளிவிட்டு, மற்றதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிசைந்தார். வாயில் வைத்தார். தான் சாப்பிடுவதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சித்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு மேல் லயத்தில் ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். கடைக்காரர் பெண்சாதியைப் பற்றிச் சொன்னார். "அவளுக்குமா?" என்றார் அம்மா. "அவளுக்குந்தான். அவ சொல்லி எனக்குத் தெரியல, அவ மொகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்." அவர்கள் பேசுவதைக் கேட்டபடி நானும் சாப்பிட்டேன். கருவாட்டின் உப்பு நாக்கில் தெரிந்தது. அம்மாவின் கணக்கு மாறிவிட்டதா, இல்லை அன்றைக்கு மட்டும் மறந்திருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டார்.

சித்தி எழுந்து சீனிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்காச்சும் மலைக்கு வாரீங்களாக்கா?"

"இல்ல. மொத பஸ்ல புள்ளயோட போறேன். ஒரு வாரம் இருந்து பாத்துட்டு வாரேன்."

"கங்காணி கேட்டா என்னான்னு சொல்ல?"

அம்மா கையைக் கழுவினார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"கலஞ்சுருச்சு, மகளுக்குத் தொணைக்குப் போயிருக்குன்னு சொல்லு" என்றார்.